உப்பு, தண்ணீர், ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் எதுவும் கேட்கவில்லை: திரும்பத் திரும்ப வரும் மயக்கத்துக்கு அடுத்த மருந்து எது?

செங்காந்தள் (கும்பகோணம்):

என் தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 27, பள்ளி ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே காலை பிரேயரில் நின்றால் விழுவாள், ரத்தம் எடுக்க ஊசியைப் பார்த்தாலே விழுவாள், வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் போன வருடத்திலிருந்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, வியர்த்து, காது அடைத்து விழுகிறாள். ஒரு தடவை முகவாய் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. இ.சி.ஜி., எக்கோ, நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் எல்லாம் நார்மல். சாயும் மேசையில் படுக்க வைத்து நிமிர்த்திப் பார்க்கும் டில்ட் டெஸ்டில் மயக்கம் வந்தது, வேசோவேகல் (நரம்பு வழியாக பி.பி.யும் நாடியும் இறங்கி வரும் மயக்கம்) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உப்பைக் கூட்டினோம், தண்ணீர் குடிக்க வைத்தோம், மயக்கம் வரும்போல் இருந்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், அதையும் செய்கிறாள். முதலில் ப்ரோப்ரனோலால் கொடுத்தார்கள், சோர்வு கூடியதுதான் மிச்சம். அப்புறம் ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் 0.1 மி.கி., தினம் ஒன்று. அதிலும் விழுவது நிற்கவில்லை. இப்போது ஒரு டாக்டர் பேஸ்மேக்கர் பற்றி யோசிக்கலாம் என்கிறார், இன்னொருவர் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதியிருக்கிறார், எங்கள் அத்தை இது வலிப்புதான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வழக்கமான வைத்தியம் கேட்காதவர்களுக்கு மாத்திரையில் இன்னும் என்ன வழி இருக்கிறது? அனுபவப்பட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

வைகைநதி (மதுரை):

சகோதரி, நான் இதய நோய்ப் பிரிவில் வேலை செய்யும் டாக்டர். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் இந்த மாத்திரையைக் கொடுங்கள் என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் அடுத்த முறை போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த டில்ட் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். வெறுமனே பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதா, இல்லை மயக்கம் வந்த நேரத்தில் பி.பி. எவ்வளவு, நாடி எவ்வளவு, இதயம் எத்தனை விநாடி நின்றது என்று எழுதியிருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே ஒவ்வொரு மாத்திரையாக மாற்றிக்கொண்டு போவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் சங்கடம். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும், உடனே நரம்புகள் ரத்தக்குழாயைச் சுருக்கி அதை ஈடுகட்டும். வேசோவேகல் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. குழாய் தளர்கிறது, வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. சிலருக்கு முதலாவது பெரிது, சிலருக்கு இரண்டாவது, நிறையப் பேருக்கு இரண்டும் கலந்து வரும். லண்டனில் தாமஸ் லூயிஸ் 1932-ல் இதற்கு வேசோவேகல் என்று பெயர் வைத்தபோதே ஒன்றைக் கவனித்துவிட்டார்: அட்ரோபின் கொடுத்தால் நாடி ஏறுகிறது, ஆனால் பி.பி. ஏறவில்லை. அதாவது துடிப்பை மட்டும் சரிசெய்தால் மயக்கம் சரியாகிவிடும் என்பதில்லை. உங்களிடம் பேஸ்மேக்கர் பேச்சு எடுத்தவர்களிடம் இதைக் கேட்கலாம்.

ப்ரோப்ரனோலால் கேட்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அது இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை. கனடாவின் கால்கரியில் ராபர்ட் ஷெல்டன் குழு 208 பேரை வைத்து அதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலாலையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தது, 2006-ல் முடிவு வந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. 42 வயதுக்கு மேல் ஒருவேளை பயன் இருக்கலாம் என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2018 வழிகாட்டுதலில் இந்த நோய்க்கு பீட்டா பிளாக்கர் வேண்டாம் என்றே எழுதிவிட்டது. 27 வயதுப் பெண்ணுக்கு அதை இன்னும் முதல் மருந்தாக எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் கதை வேறு. அதே குழு 210 பேரிடம் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இலக்கு 0.2 மி.கி. மொத்தமாகக் கணக்கெடுத்தபோது பயன் இருப்பதுபோல் தெரிந்தாலும் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை, அதாவது தற்செயலாகவும் இருக்கலாம். முதல் இரண்டு வாரம், அதாவது டோஸை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மயக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. உங்கள் தங்கை 0.1-லேயே நிற்கிறார். மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டும் முன் டோஸ் போதுமா என்று கேளுங்கள். இந்த மாத்திரை சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைத்துத்தான் வேலை செய்கிறது, சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டால் அது எதைப் பிடித்து வைக்கும்? பொட்டாசியம் இறங்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம், டோஸ் ஏற்றினால் இன்னும் கட்டாயம்.

இதற்கு அடுத்ததாக நான் முதலில் நினைப்பது மிடோட்ரின். அது பற்றி ரிப்போர்ட் விவரம் வந்ததும் எழுதுகிறேன்.

தென்பொதிகை (தென்காசி):

டாக்டர் சார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எங்கள் மாமாவுக்கு இதே மாதிரி மயக்கம்தான், பேஸ்மேக்கர் வைத்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. மாத்திரை மாத்திரையாக மாற்றி வயிற்றைக் கெடுத்துக்கொள்வதற்கு ஒரேயடியாக அதை வைத்துவிடலாமே? தாடை கிழிகிற அளவுக்கு விழுகிறவரை இன்னும் காத்திருக்கச் சொல்வது சரியா?

வைகைநதி (மதுரை):

தென்பொதிகை, உங்கள் மாமாவுக்கு வயது என்ன, இதயம் நின்றது பதிவானதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த விஷயத்தில் மருத்துவ உலகம் நன்றாகவே பாடம் படித்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1999-ல் ஒரு ஆய்வு வந்தது, மொத்தம் 54 பேர். பாதிப் பேருக்கு பேஸ்மேக்கர், மீதிப் பேருக்கு இல்லை. வைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி மயக்கம் வந்தது, வைக்காதவர்களில் 70 சதவீதம். எல்லோரும் பேஸ்மேக்கர்தான் தீர்வு என்றார்கள். பிறகு அதே குழு இன்னும் கறாராக ஒன்று செய்தது. 100 பேருக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள், ஆனால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது துடிப்பைக் கவனிக்க மட்டும் செய்யும், தூண்டாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. 2003-ல் முடிவு: தூண்டியவர்களில் 33 சதவீதம் பேருக்கு மயக்கம், தூண்டாதவர்களில் 42. உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. மார்பில் ஒரு கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையே பெரிய வேலை செய்திருக்கிறது.

அதற்காக பேஸ்மேக்கர் யாருக்குமே ஆகாது என்று சொல்லவில்லை. 2012-ல் வந்த ஆய்வில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்து, தோலுக்கு அடியில் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் லூப் ரெக்கார்டர் வைத்து, மயக்கத்தின்போது இதயம் உண்மையிலேயே நின்றதைப் பதிவு செய்த பிறகுதான் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் மறுபடி மயங்கியவர்கள், பேஸ்மேக்கர் தூண்டாதவர்களில் 57 சதவீதம், தூண்டியவர்களில் 25. 2021-ல் இன்னொன்று, டில்ட் டெஸ்டில் 3 விநாடிக்கு மேல் இதயம் நின்ற 127 பேர், எல்லோரும் 40 தாண்டியவர்கள், தூண்டாதவர்களில் 53 சதவீதம், தூண்டியவர்களில் 16. உங்கள் மாமா இந்த வகையாக இருந்திருக்கலாம், அவருக்குச் செய்தது சரியான வைத்தியமாகவே இருக்கும். 27 வயதில், இதயம் நின்றதற்கு ஆதாரம் இல்லாமல், ஆயுள் முழுவதும் பேட்டரி மாற்றவும் லீட் எனப்படும் இதயத்துக்குள் போகும் கம்பியில் தொற்று வருமோ என்று பயப்படவும் ஒரு பெண்ணை ஒப்படைக்கக் கூடாது.

செங்காந்தள் (கும்பகோணம்):

ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டேன். படுத்திருந்தபோது பி.பி. 108/70, நாடி 74. சாய்த்து 20 நிமிடம் தாண்டிய பிறகு பி.பி.யின் மேல் அளவு 58 வரை இறங்கியிருக்கிறது, நாடி 46. நின்ற விநாடி என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருக்கிறது. கீழே கலப்பு வகை என்று கையால் எழுதியிருக்கிறார்கள். அதை எங்களிடம் யாரும் விளக்கவே இல்லை.

அவள் விழும்போது கை ஒன்றிரண்டு தடவை வெட்டி வெட்டி இழுக்கிறது, அதைப் பார்த்துத்தான் அத்தை வலிப்பு என்கிறார். சாவிக்கொத்தைக் கையில் வைத்து அழுத்துகிறார்கள். பள்ளியிலும் அதே பேச்சு வந்துவிட்டது, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் நேரம், அதுதான் வீட்டில் பெரிய கவலை.

கருவேலமரம் (விருதுநகர்):

அந்த வெட்டி இழுப்பு பற்றி நான் சொல்கிறேன், என் மகனுக்கு இதனால் வலிப்பு மாத்திரை வருடக்கணக்கில் கொடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் சில விநாடி போகாவிட்டால் யாருக்கும் கை கால் இழுக்கும். 1994-ல் ஜெர்மனியில் ஆரோக்கியமான தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயக்கமடைய வைத்து வீடியோ எடுத்திருக்கிறார்கள், முழுதாக மயங்கிய 42 பேரில் 90 சதவீதம் பேருக்கு இப்படி இழுப்பு வந்தது. அவர்கள் யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. எங்களுக்கு இதை விளக்கிய நியூரோ டாக்டர் சொன்ன அடையாளங்கள்: விழுவதற்கு முன் வியர்வை, கண் இருட்டு, முகம் வெளுப்பது, இழுப்பு சில விநாடியில் நிற்பது, எழுந்ததும் ஆள் அடையாளம் தெரிவது. வலிப்பில் முகம் நீலம் பாரிக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், தெளிய நேரம் எடுக்கும், பேச்சு குழறும்.

சாவியை வாங்கி வைத்துவிட்டு, ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள் அக்கா. உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுவதும் கூடாது. அடுத்த தடவை யாராவது போனில் வீடியோ எடுத்தால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. வீடியோவை அத்தைக்கும் காட்டலாம்.

வைகைநதி (மதுரை):

கருவேலமரம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். செங்காந்தள், உங்கள் தங்கையின் ரிப்போர்ட் தெளிவாகப் பேசுகிறது. இதயம் நிற்கவில்லை, மெதுவானது. பி.பி.தான் தரைமட்டத்துக்குப் போயிருக்கிறது. ஆக இப்போதைக்குப் பேஸ்மேக்கரை ஒதுக்கி வையுங்கள், ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்தைப் பற்றிப் பேசுவோம்.

மிடோட்ரின் உடலுக்குள் போய் வேறொரு பொருளாக மாறி ரத்தக்குழாய்களில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகளை, அதாவது சுருங்கு என்ற கட்டளையை வாங்கும் இடங்களை, பிடித்துச் சுருக்குகிறது. மூளைக்குள் போகாது, இதயத்தை நேரடியாகத் துரத்தாது. இதற்குத்தான் இப்போது இருப்பதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பிரிட்டனில் 133 பேரை எடுத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், உங்கள் தங்கை மாதிரியே. 2021-ல் முடிவு: ஒரு வருடத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் ஒரு தடவையாவது மயங்கினார்கள், மிடோட்ரின் எடுத்தவர்களில் 42 சதவீதம். பெரிய அற்புதம் கிடையாது, ஐந்து ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவரைக் காப்பாற்றலாம் என்ற கணக்கு. இதே ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 39 சதவீதம் பேர் வருடம் முழுவதும் விழவே இல்லை என்பதையும் கவனியுங்கள். மயக்கம் கொத்துக் கொத்தாக வரும், அதிகம் விழுகிற காலத்தில்தான் டாக்டரிடம் போவோம், பிறகு தானாகவும் குறையும். எனக்கு இந்த மருந்தில் நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும், நான் உட்பட, அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்):

நான் மிடோட்ரின் எடுக்கிறேன். மீன் ஏலக்கூடத்தில் வேலை, வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். எனக்கு ஃப்ளுட்ரோகார்ட்டிசோனில் தலைவலியும் கால் வீக்கமும் வந்து நிறுத்திவிட்டார்கள். மிடோட்ரின் ஆரம்பித்ததும் தலையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், கை மயிர் சிலிர்க்கும், பயந்துவிடாதீர்கள், அது மருந்து வேலை செய்கிற அடையாளம்தான் என்று என் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விழுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், நன்றாகக் குறைந்திருக்கிறது, முக்கியமாக முன்னறிகுறிக்கும் விழுவதற்கும் நடுவில் உட்கார நேரம் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்த அரை நிமிடம்தான் எல்லாம்.

சிரமம் என்னவென்றால் பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், தீர்ந்த பிறகு ஓடினால் இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டிவரும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பதும் தொல்லைதான், மதிய வேளையை மறந்தால் சாயங்காலம் தெரிந்துவிடும்.

மாத்திரைப்பெட்டி (ஈரோடு):

மருந்தகம் நடத்துகிறேன், உப்புக்காற்று அண்ணன் சொன்ன மூன்று வேளை விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மிடோட்ரின் சீட்டு வந்தால் நான் வாங்குபவரை நிற்க வைத்துச் சொல்லும் முதல் விஷயம் நேரம். காலையில் எழுந்ததும், நடுப்பகலில், பிற்பகலில். சாதாரணமாக நாம் மூன்று வேளை என்றால் காலை, மதியம், இரவு சாப்பாட்டோடு போடுவோம், இதை அப்படிப் போடவே கூடாது. படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே கடைசி மாத்திரை முடிந்துவிட வேண்டும், போட்டுவிட்டுப் படுத்தால் பி.பி. எகிறும். மதியம் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இது சாயாமல் நிமிர்ந்திருக்கும் நேரத்துக்கான மருந்து. சிறுநீர் முழுதாகப் போகாமல் நிற்பது போலிருந்தால் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். பி.பி. ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களுக்கு ஆகாது. சளிக்கு நாமே வாங்கிப் போடும் மாத்திரைகளில் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் இருக்கும், அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்குவதுதான், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

கல்யாணம் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கர்ப்பத்தில் மிடோட்ரின் பாதுகாப்பானதா என்று சொல்லப் போதிய தரவு கிடையாது. குழந்தைக்குத் திட்டமிடும்போது டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டிய மருந்து இது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

செங்காந்தள் (கும்பகோணம்):

இவ்வளவு விவரம் எங்களுக்கு எந்த ஓ.பி.யிலும் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மனச்சோர்வு மாத்திரை பற்றி யாராவது சொல்லுங்கள். எழுதியிருப்பது பராக்ஸிடின். தங்கை அதைப் பார்த்துவிட்டு, நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களா என்று அழுதுவிட்டாள். வாங்கிய அட்டை அப்படியே இருக்கிறது.

பனங்காடு (ஸ்கார்பரோ):

தங்கச்சியிட்ட சொல்லுங்கோ, அந்த மாத்திரையை எழுதினதுக்கு அர்த்தம் அது இல்லை. எனக்கும் இதே மயக்க வருத்தம்தான், நானும் ஒருக்கா இதே சீட்டை வாங்கிக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்டனான். மூளைத்தண்டில் செரோட்டோனின் என்ற பொருளுக்கு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற நரம்புகளைக் கட்டுப்படுத்துகிற வேலையும் இருக்கு. அது திடீரென்று கூடினால் அந்த நரம்புகள் கை விட்டிடும் என்பதுதான் யோசனை. மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் ஏற்பிகள் பழகி, திடீர் ஏற்றத்துக்கு அசையாமல் இருக்கும் என்று நம்பினார்கள். 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பிளேர் கிரப் என்ற டாக்டர், வேறு எதற்கும் கேட்காத ஆட்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து எழுதத் தொடங்கியிட்டார்.

வைகைநதி (மதுரை):

பனங்காடு அழகாகச் சொல்லிவிட்டார். இந்த மருந்துக்கு ஒரு தனி இடம் இருப்பதற்குக் காரணம் 1999-ல் இத்தாலியில் செய்த ஆய்வு. மற்ற வைத்தியம் கேட்காத, அல்லது தாங்காத 68 பேரைத்தான் அதில் சேர்த்தார்கள், அதாவது இந்த இழையில் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆட்கள். பராக்ஸிடின் 20 மி.கி., மறுபக்கம் வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். பராக்ஸிடின் எடுத்தவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு மறுபடி மயக்கம், மற்றவர்களில் 52.9. இந்த நோயில் எந்த மாத்திரைக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி வந்ததில்லை.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை? அதே அளவு பயனை வேறு யாரும் இன்னொரு பெரிய ஆய்வில் காட்டவில்லை. 2006-ல் ஃப்ளுவாக்ஸிடினை ப்ரோப்ரனோலாலோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்ட ஆய்வில் மயக்கத்தைத் தடுப்பதில் மூன்றுக்கும் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஒரே சின்ன ஆய்வில் வந்த பெரிய எண்ணை நான் முழுசாக நம்ப மாட்டேன், அதற்காகத் தள்ளிவிடவும் மாட்டேன். அமெரிக்க வழிகாட்டுதல் 2017-ல் இதை யோசிக்கலாம் என்ற நிலையில்தான் வைத்திருக்கிறது, மிடோட்ரினுக்கு அதைவிட ஒரு படி மேலே இடம் கொடுத்திருக்கிறது. எனவே எழுதிய டாக்டர் ஆதாரமில்லாமல் எழுதவில்லை. மிடோட்ரினுக்கு முன்னால் இதை வைத்த வரிசைதான் எனக்கு ஒத்துவரவில்லை, அதுவும் குழந்தை பெறும் வயதில். மயக்கத்தோடு மனப்பதற்றமும் உண்மையிலேயே இருந்தால் அப்போது ஒரே மாத்திரையில் இரண்டுக்கும் வழி பார்ப்பது வேறு கணக்கு.

மாத்திரைப்பெட்டி (ஈரோடு):

பராக்ஸிடின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை உள்ள மருந்து. இன்னொன்று, ஆரம்பித்துவிட்டால் திடீரென்று நிறுத்தக் கூடாது, தலைசுற்றலும் குமட்டலும் வரும், மயக்கம் திரும்பிவிட்டது என்றே நினைத்துவிடுவீர்கள். அட்டையைத் தொடவில்லை என்றால் தொடாமலே அடுத்த டாக்டரிடம் காட்டிப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பனங்காடு (ஸ்கார்பரோ):

அட்டமாக்ஸிடின் பற்றியும் கதைக்கோணும். இது கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்து. நரம்பு முனையில் சுரக்கிற நோரட்ரினலினைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறதால, ரத்தக்குழாயைச் சுருக்கிற கட்டளை கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கும். கால்கரி ஆட்கள் முதலில் சிபுட்ராமின் என்ற எடை குறைக்கிற மருந்தை, வேறு எதுவும் கேட்காத கொஞ்சப் பேரில் பார்த்தவை. ஆனால் அந்த மருந்து மாரடைப்பு, பக்கவாதப் பயத்தால 2010-ல் சந்தையிலிருந்தே போய்விட்டது. அதனால் அதே வழியில் வேலை செய்கிற அட்டமாக்ஸிடினுக்கு வந்தார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வில் 56 பேர், 40 மி.கி. இரண்டு தடவை கொடுத்துவிட்டு டில்ட் டெஸ்ட். வெற்று மாத்திரை எடுத்த 27 பேரில் 19 பேர் மயங்கினார்கள், அட்டமாக்ஸிடின் எடுத்த 29 பேரில் 10 பேர். எனக்கு இதைப் படித்ததும் பெரிய நம்பிக்கை வந்தது.

வைகைநதி (மதுரை):

நம்பிக்கை வைக்கலாம், ஆனால் அது மேசையில் சாய்த்துப் பார்த்த ஒரு நாள் கணக்கு. டில்ட் டெஸ்டைத் தாங்குவது வேறு, வருடம் முழுவதும் பஸ்ஸிலும் வகுப்பிலும் விழாமல் இருப்பது வேறு. டில்ட் டெஸ்டில் நன்றாகத் தெரிந்து வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் போன மருந்துகள் உண்டு, பீட்டா பிளாக்கர் அதற்குச் சாட்சி. மிடோட்ரினும் முழு டோஸ் ஃப்ளுட்ரோகார்ட்டிசோனும் தோற்றுப்போனவருக்கு, பி.பி. இயல்பிலேயே தாழ்வாக இருந்தால், இந்த நோயில் பழக்கமுள்ள டாக்டர் கண்காணிப்பில் நான் அதை யோசிப்பேன். நாடி ஏறும், வாய் வறளும், பசி போகும், தூக்கம் கெடும், இளம் வயதினருக்கு மனநிலையையும் கவனிக்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டி (ஈரோடு):

பராக்ஸிடினையும் அட்டமாக்ஸிடினையும் இரண்டு வெவ்வேறு டாக்டர்கள் எழுதி ஒரே ஆள் போட்டுக்கொள்ளும் நிலை வந்துவிடக் கூடாது. கல்லீரலில் அட்டமாக்ஸிடினைக் கரைக்கும் என்ஸைமைப் பராக்ஸிடின் தடுத்துவிடும், ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். மெட்டோப்ரோலாலோடும் இதே தகராறு, அங்கே நாடி மிகவும் இறங்கிவிடும். இரண்டு இடத்தில் வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாச் சீட்டையும் ஒரே மருந்தகத்தில் காட்டுங்கள்.

நிலாமுற்றம் (சேலம்):

என் கணவருக்கு வயது 52, அவருக்கு உங்கள் தங்கை மாதிரி வியர்ப்பதோ கண் இருட்டுவதோ கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார், அடுத்த நொடி தரையில். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். எல்லோரும் வேசோவேகல் என்றுதான் சொல்கிறார்கள், உப்பு, தண்ணீர் எதுவும் கேட்கவில்லை. இதற்கும் மிடோட்ரின்தானா?

வைகைநதி (மதுரை):

அம்மா, முன்னறிகுறியே இல்லாத மயக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் லூப் ரெக்கார்டர் பற்றிக் கேளுங்கள், அவர் வயதில், இப்படித் திடீரென்று விழுந்தால், அந்த நொடியில் இதயம் என்ன செய்தது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல் எறிவதுதான். ஓடும்போதோ மாடி ஏறும்போதோ படுத்திருக்கும்போதோ விழுந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் இன்னும் அவசரம்.

எல்லாம் நார்மல், இதயம் சில விநாடி நிற்பது மட்டும் பதிவானது என்றால் ஒரு சின்ன பிரிவு இருக்கிறது. பிரான்சில் மார்செய் குழுவும் இத்தாலியில் மிக்கேல் பிரிஞோலேயும் இதை ஆராய்ந்தார்கள். இவர்கள் ரத்தத்தில் அடினோசின் என்ற பொருள் இயல்பைவிடக் குறைவாக இருக்கிறது, அதனால் ஏற்பிகள் மிகவும் கூர்மையாகிவிடுகின்றன, திடீரென்று கொஞ்சம் அடினோசின் வெளிப்பட்டாலும் இதயத்தின் மின்பாதை அடைபட்டுவிடுகிறது. இவர்களுக்குத் தியோஃபிலின் கொடுத்தபோது மயக்கம் நன்றாகக் குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆமாம், ஆஸ்துமாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே பழைய தியோஃபிலின், அடினோசின் ஏற்பியை மறிக்கும் மருந்து அது. இந்த வகைக்கு மிடோட்ரினும் உப்பும் ஒன்றும் செய்யாமல் போனால் ஆச்சரியமில்லை, ஏனென்றால் கோளாறு ரத்தக்குழாயில் இல்லை. மேலே நான் சொன்ன பேஸ்மேக்கர் ஆய்வுகளும் உங்கள் கணவர் வயதுக்குத்தான் பொருந்தும், இரண்டையும் எடைபோட்டுப் பேசுங்கள். வேகஸ் நரம்பு முனைகளை இதயத்துக்குள்ளேயே சுட்டு அணைக்கும் சிகிச்சையை பிரேசிலின் பச்சோன் 2005-ல் தொடங்கி வைத்தார், இதயம் நிற்கும் வகையினருக்கு அதுவும் இப்போது பேசப்படுகிறது, 2023-ல் போலந்திலிருந்து 48 பேர் கொண்ட ஆய்வு நல்ல முடிவோடு வந்தது. ஆனால் வெற்றுச் சிகிச்சையோடு ஒப்பிடாத ஆய்வு அது, பேஸ்மேக்கரில் 1999-க்கும் 2003-க்கும் நடுவில் நடந்ததை நான் மறக்கத் தயாராக இல்லை.

மாத்திரைப்பெட்டி (ஈரோடு):

தியோஃபிலினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான். வயிற்றுப்போக்குக்கு என்று சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிப் போட்டால் தியோஃபிலின் அளவு ஏறிவிடும். பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்கு அளவு குறையும், அவர் நிறுத்தினால் அதே டோஸ் கூடுதலாகிவிடும். வீட்டில் பழைய ஆஸ்துமா மாத்திரை இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

வெண்கொக்கு (திருவாரூர்):

என் அப்பாவுக்கும் கேட்டுவிடுகிறேன். வயது 71. கோவிலில் வரிசையில் நின்றால் விழுகிறார், காலையில் எழுந்து பாத்ரூம் போய்வரும்போது விழுகிறார். அவருக்கும் மிடோட்ரின் எழுதியிருக்கிறார்கள், கேட்கவில்லை. பி.பி.க்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒன்று, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், இரவில் தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் எடுக்கிறார்.

வைகைநதி (மதுரை):

தம்பி, அப்பாவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் இருப்பதைப் பார்க்க வேண்டும். டாம்சுலோசின் மறிக்கும் அதே ஆல்ஃபா ஏற்பியைத்தான் மிடோட்ரின் தூண்ட வேண்டும், ஒரு கையால் திறந்ததை இன்னொரு கையால் மூடப் பார்க்கிறார்கள். புராஸ்டேட் உள்ளவருக்கு மிடோட்ரினால் சிறுநீர் அடைப்பும் வரலாம். டெல்மிசார்ட்டான், நீர் மாத்திரை, அமிட்ரிப்டிலின் மூன்றுமே நிற்கும்போது பி.பி.யை இறக்குகிறவை. இத்தாலியில் 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வயதானவர்களுக்கு இப்படிப்பட்ட மருந்துகளைக் குறைத்ததோ நிறுத்தியதோ மட்டுமே மயக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அவருடைய பி.பி. உண்மையிலேயே எவ்வளவு என்று தெரியாமல் நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் காலையில் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் எழுதி வையுங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் அதுவே காரணத்தில் பெரும்பகுதி. அந்தத் தாளோடு அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். யூராலஜி டாக்டரிடம் டாம்சுலோசினுக்கு மாற்று உண்டா என்று அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள், அதுவரை இரவில் சிறுநீர் கழிக்க அவர் உட்கார்ந்தே போகட்டும்.